மூச்சும் முகத்துவாரமும்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலேறித் தூர்வதுண்டு. அதன்வழிக் கடல்புகும் மீனவர்க்கு அலையச்சமும், வலை வெறிதே மீளுமோ என்னுங் கவலையும் தொழிலோடு ஒட்டியவை. அச்சம் மிகின் மூச்சு விரையும், நெஞ்சு படபடக்கும், கை தடுமாறும்.

மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்தல் கும்பகம், வெளிவிடல் இரேசகம் எனப்படும். இவற்றிற்குத் திருமூலர் முறையே 16, 64, 32 மாத்திரை வகுத்தனர். நெடிது நிறுத்தல் பயின்றார்க்கே உரியது. ஏனையோர்க்கு எளிய வழி, 4 நொடி இழுத்து 6 நொடி மெல்ல விடுதலாம். நிமிடத்திற்கு 6 மூச்சு. விடும்போது வேகஸ் நரம்பின் செயல் ஓங்க, இதயத்துடிப்புத் தணியும்.

இதனைக் கரையிலமர்ந்து பயில்க. நீருள் மூச்சடக்கிப் பயிலற்க, மயக்கம் உயிர் கவரும். மூச்சு மணலை அகற்றாது, காற்றை மாற்றாது. ஆயினும், புறப்படுவதோ தங்குவதோ எனத் தேரும் அறிவு தெளிவுற உதவும். அத்தெளிவு தேர்வெழுதும் நமக்கும் வேண்டுவதன்றோ?