விருந்தினருக்கு ஒரு மிதிவண்டிப் பாதை

வீட்டுக்கு விருந்தினர் வந்தால், யாருக்குக் காரம் ஆகாது, யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்டறிந்த பிறகே சமைக்கத் தொடங்குகிறோம். வெளிநாட்டிலிருந்து மிதிவண்டியோடு வரும் சுற்றுப்பயணிகளுக்குப் பாதை தேர்ந்தெடுப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். பாதை அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதில் செல்லப்போகிறவர்களுக்கு அது பொருந்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நெதர்லாந்திலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். எழுபது வயதை நெருங்கும் தாத்தா, பாட்டி, அவர்களின் மகள், 12 வயதுப் பேரன் என நால்வர். சொந்த மிதிவண்டிகளுடன் வரும் அவர்கள் காத்தோங் வட்டாரத்தில் தங்குகிறார்கள். ஒரு காலைப் பொழுதைச் சிங்கப்பூரின் அழகைப் பார்த்தபடி மிதிவண்டியில் கழிக்க விரும்புகிறார்கள். அவர்களுக்கான பாதையை உங்கள் வகுப்பினர் திட்டமிட்டுத் தர வேண்டும். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

வருபவர்களை அறிதல்

நெதர்லாந்து பெரும்பாலும் சமவெளியான நாடு. அங்கே பள்ளிக்கும் கடைக்கும் மிதிவண்டியில் செல்வது அன்றாடப் பழக்கம். எனவே, இந்த நால்வருக்கும் மிதிவண்டி ஓட்டும் திறனில் குறை இருக்காது. ஆயினும், இங்குள்ள இரண்டு நிலைமைகள் அவர்களுக்குப் புதியவை.

முதலாவது, சாலைப் பழக்கம். நெதர்லாந்தில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கத்தில் செல்லும். சாலையைக் கடக்கும்போது அங்குள்ளவர்கள் முதலில் இடப்பக்கம் பார்ப்பார்கள். இங்கோ வாகனங்கள் இடப்பக்கத்தில் செல்வதால், முதலில் வலப்பக்கத்திலிருந்துதான் வண்டி வரும். அறுபது ஆண்டுகளாக ஊறிய பழக்கம் ஒரே நாளில் மாறிவிடாது. ஒரு கண நேரத் தடுமாற்றம்கூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே, சாலையைக் கடக்க வேண்டிய இடங்கள் குறைவாக உள்ள பாதையே இவர்களுக்கு ஏற்றது.

இரண்டாவது, வானிலை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்கு வெயிலோடு காற்றின் ஈரப்பதமும் அதிகம். ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை எளிதில் உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. தம் நாட்டில் 50 கிலோமீட்டர் சென்றும் சோர்வடையாத தாத்தா, இங்கே 15 கிலோமீட்டரிலேயே களைத்துப்போகலாம். எனவே, நிழல், குடிநீர், ஓய்விடம் ஆகிய மூன்றும் மிக முக்கியம்.

மூன்று பாதைகள்

இவற்றை மனத்தில் கொண்டு மூன்று பாதைகளை ஒப்பிடுவோம்.

முதலாவது, ரயில் காரிடார் எனப்படும் பழைய ரயில் தடம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளும் இத்தடத்தில், 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி வரை மலாயா ரயில்கள் ஓடின. இன்று பசுமை சூழ்ந்த இத்தடத்தில் பழைய இரும்புப் பாலங்களையும் புக்கிட் தீமா நிலையத்தையும் காணலாம். ஆனால், காத்தோங்கிலிருந்து இதை அடைய, போக்குவரத்து மிகுந்த சாலைகளைக் கடக்க வேண்டும். மழை பெய்தால் மண் தரையுள்ள பகுதிகள் சேறாகிவிடும்.

இரண்டாவது, புலாவ் உபின் தீவு. கருங்கல் வெட்டியெடுத்த பழைய குழிகள் இன்று நீர் நிறைந்த ஏரிகளாகக் காட்சி தருகின்றன. இருவாட்சிப் பறவைகளையும் காட்டுப்பன்றிகளையும் பார்க்கலாம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால், சாங்கி முனையிலிருந்து படகில் செல்ல வேண்டும். பன்னிரண்டு பயணிகள் சேர்ந்த பிறகே படகு புறப்படும். தீவில் சரளைக்கற்கள் நிறைந்த சரிவுகள் உண்டு. சமவெளியில் பழகியவர்கள் அங்கே தடுமாறி விழலாம். காயம் ஏற்பட்டால், சிகிச்சைக்கு மீண்டும் படகேறித்தான் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவையும் சாங்கி கடற்கரைப் பூங்காவையும் இணைக்கும் கடலோரப் பாதை. 1960களில் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தால் உருவான நிலத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அமைந்துள்ளது. அதனால் தரை சமமாக இருக்கிறது. மிதிவண்டிப் பாதை சாலையிலிருந்து விலகிச் செல்வதால், கடக்க வேண்டிய சாலைகளும் குறைவு. ஒரு பக்கம் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்; மறுபக்கம் தாழப் பறந்து தரையிறங்கும் விமானங்கள். பேரனுக்கும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சாங்கி விமான நிலையத்தை இப்பாதையுடன் இணைக்கும் 3.5 கிலோமீட்டர்க் கிளைப்பாதையில் டைனோசர் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

இந்தக் குடும்பத்துக்கு மூன்றாவது பாதையே பொருந்தும் என்பது தெளிவு. ஆனால், வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை.

எந்தத் திசையில் செல்வது?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் நடுப்பகுதியிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காத்தோங்கில் தங்கியிருப்பவர்கள் அங்கிருந்தே புறப்பட்டுச் சாங்கியில் முடிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

விமான ஓடுபாதையை ஒட்டிய நீண்ட பகுதியில் நிழல் மிகக் குறைவு. காத்தோங்கிலிருந்து புறப்பட்டால், வெயில் ஏறிய பிறகே அப்பகுதியை அடைவார்கள். அடுத்து, திரும்பி வருவது எப்படி? எம்ஆர்டி ரயிலில் மடக்கு மிதிவண்டிகளை மட்டுமே ஏற்ற முடியும். அவையும் 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் பெரிய மிதிவண்டிகளுக்கு அங்கே இடமில்லை. உச்சி வெயிலில் களைத்த உடலோடு மேலும் 20 கிலோமீட்டர் மிதித்தே திரும்ப வேண்டியிருக்கும்.

திசையை மாற்றிப் பாருங்கள். காலையில் மிதிவண்டிகளை ஏற்றக்கூடிய வேனில் சாங்கி வில்லேஜுக்குச் செல்லலாம். சூரியன் உதிக்கும் 7 மணியளவில் அங்கிருந்து புறப்பட்டால், நிழலற்ற பகுதியை வெயில் ஏறுவதற்கு முன்பே கடந்துவிடலாம். களைப்புத் தொடங்கும் நேரத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் மரநிழலும் கழிவறைகளும் உணவுக் கடைகளும் வந்துவிடும். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வருவதால், பெரும்பாலான தொலைவுக்குச் சூரியன் கண்ணில் கூசாது. பயணம் முடியும் இடமோ தங்குமிடத்தின் அருகிலேயே இருக்கும். பாதை அதேதான்; திசையை மாற்றியதும் பயணம் எளிதாகிவிட்டது.

நேரில் சென்று பார்த்தல்

வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எனவே, பெரியவர் ஒருவரின் துணையோடு அதே பாதையில், அதே நேரத்தில் ஒருமுறை சென்று பார்ப்பது அவசியம். குடிநீர்க் குழாய் வேலை செய்கிறதா, ஒதுங்குவதற்குக் கூரையுள்ள இடம் எங்கே உள்ளது, கட்டுமானப் பணிக்காகப் பாதை திருப்பிவிடப்பட்டுள்ளதா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் பூங்காவில் கூட்டம் அதிகம். சறுக்கு விளையாடுவோரும் நடைபழகும் குழந்தைகளும் திடீரெனக் குறுக்கே வரக்கூடும். ஆகவே, வார நாளே சிறந்தது.

பாதியில் விலகும் வழியையும் முன்கூட்டியே காட்டிவைக்க வேண்டும். பாட்டிக்கு உடல் நலமில்லை என்றால், விமான நிலையக் கிளைப்பாதை வழியாக முனையத்துக்குச் சென்று குளிர்ந்த இடத்தில் ஓய்வெடுக்கலாம். “முடியவில்லை” என்று சொல்லத் தயங்குபவர்களும் உண்டு. விலகும் வழி இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், அவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

விதிகளையும் அவர்களிடம் தெளிவாகக் கூற வேண்டும். மிதிவண்டிப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேலும், நடைபாதையில் 10 கிலோமீட்டருக்கு மேலும் செல்லக்கூடாது. பாதசாரிகளுக்கு மட்டும் என ஒதுக்கிய பாதையில் மிதிவண்டி ஓட்டக்கூடாது. சாலையில் செல்வோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். பாதையிலும் அணிவதே நல்லது. இடி முழங்கினால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். மருத்துவ அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 995. இவை அனைத்தையும் ஒரே தாளில், வரைபடத்துடன் எழுதிக் கொடுப்பது பயனளிக்கும்.

விருந்தினர்கள் இவ்வூரை அறியாதவர்கள். நாம் காட்டும் வழியை நம்பியே அவர்கள் மிதிக்கத் தொடங்குகிறார்கள். அடுத்த வளைவில் என்ன வருமோ என்ற அச்சம் இருந்தால், கண் பாதையை விட்டு அகலாது. கடலும் கப்பலும் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். குழுவில் மிகவும் மெதுவாகச் செல்பவரும் நிமிர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வர முடிந்தால், நாம் தேர்ந்தெடுத்த பாதை நல்ல பாதை.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. விருந்தினர்கள் நன்றாக மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர்கள். இருந்தும், அவர்களுக்காகப் பாதையை இவ்வளவு கவனத்துடன் தேர்ந்தெடுப்பது ஏன்?

2. பாதையின் திசையை மாற்றியதால் கிடைத்த நன்மைகளைத் தொகுத்துக் கூறுக.

3. வந்தவர்கள் மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய இளையர்கள் என்றால், மூன்று பாதைகளில் எதைப் பரிந்துரைப்பீர்கள்? காரணங்களோடு விளக்குக.

4. உங்கள் வட்டாரத்தில் ஒரு மிதிவண்டிப் பாதையைத் தேர்ந்தெடுத்து, விருந்தினருக்கான ஒரு பக்க வழிகாட்டியை எழுதுக.