வானவழிப் பயணிகளை எண்ணுவோம்



ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்போது நாஞ்சில் நாட்டின் குளங்களுக்கு வடபுலத்து விருந்தினர் வந்து சேர்கின்றனர். தேரூர், சுசீந்திரம் நீர்நிலைத் தொகுதி 2022-ஆம் ஆண்டில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு வாத்துகளையும் உள்ளான்களையும் காண்போர் பலர். ஆனால் அவற்றின் மேலே வட்டமிடும் சேற்றுப் பூனைப்பருந்தையும், மீனைக் குறிவைத்துப் பாயும் விரால் அடிப்பானையும் உற்று நோக்குவோர் சிலரே. இவையும் நெடுந்தொலைவு கடந்து வலசை வரும் பறவைகளே.

"இவை பிற உயிரைக் கொன்று தின்னும் பறவைகள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இவற்றைப் பற்றி ஏன் கற்க வேண்டும்?" என்று நம் இல்லங்களில் ஒரு பிள்ளை கேட்கக்கூடும். நல்ல வினா. அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மலைமுகடு என்னும் பாதை

பருந்தும் கழுகும் உடல் கனத்தவை. ஆயிரக்கணக்கான கல் தொலைவைச் சிறகடித்தே கடப்பதானால் அவற்றின் வலிமை விரைவில் தீர்ந்துவிடும். எனவே அவை காற்றின் துணையை நாடுகின்றன. வெயில் ஏற ஏறப் பாறையும் நிலமும் சூடேறுகின்றன. அங்குள்ள காற்று வெப்பமடைந்து மேலெழுகின்றது. அக்காற்றினுள் புகுந்த பறவை, இறக்கையை விரித்தவாறே வட்டமிட்டு உயரம் பெறுகிறது. பின்னர் அடுத்த வெப்பக் காற்று எழும் இடம்வரை சறுக்கிச் செல்கிறது. மலைச்சரிவில் மோதும் காற்றும் மேல்நோக்கித் திரும்புவதால், நீண்ட மலைத்தொடரின் முகடு பறவைகளுக்கு ஒரு நெடுஞ்சாலை ஆகிறது. அகன்ற கடற்பரப்பின்மேல் இத்தகைய உதவி குறைவு. ஆகவே பெரிய பருந்துகள் பலவும் கடலைத் தவிர்த்து நிலவழியை நாடும். வலசைக் காலத்தில் தக்க முகட்டில் அமர்ந்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அவை கடந்து செல்வதைக் காணலாம்.

துப்பாக்கியின் இடத்தில் ஏடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரில், 'பருந்து மலை' என்று பொருள்படும் ஹாக் மவுண்டன் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலையுதிர் காலந்தோறும் அம்முகட்டில் துப்பாக்கி ஏந்தியோர் திரண்டு, கடந்து செல்லும் பருந்துகளைச் சுட்டு வீழ்த்தினர். உண்பதற்காக அன்று. "இவை கோழிகளையும் சிறு பறவைகளையும் கொல்லும் கொடிய இனம்" என்பதே அவர்கள் கூறிய காரணம். 1929-ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, ஒருவகைப் பருந்தைக் கொன்றவர்க்கு ஐந்து டாலர் பரிசும் அறிவித்தது.

வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த பறவைகளின் ஒளிப்படங்களை நியூயார்க் நகரைச் சேர்ந்த ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார் கண்டார். 1934-ஆம் ஆண்டில் அம்மலை நிலத்தை அவர் குத்தகைக்கு எடுத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மாரிஸ் புரூன், ஐர்மா புரூன் என்னும் இணையர் காவலராக அமர்த்தப்பட்டனர். துப்பாக்கியுடன் வந்தோரை ஐர்மா வாயிலில் நின்று திருப்பி அனுப்பினார். மாரிஸ் முகட்டில் அமர்ந்து, கடந்து சென்ற ஒவ்வொரு பறவையையும் எண்ணி ஏட்டில் எழுதினார். உலகப் போரையொட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக அப்பணி இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 18,000 பறவைகள் அங்கு எண்ணப்படுகின்றன.

எண் உரைத்த உண்மை

மாரிஸ் புரூன் தொகையை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. வெண்தலைக் கழுகுகளில் முதியவை எத்தனை, இளையவை எத்தனை என்றும் பிரித்து எழுதினார். 1935 முதல் 1939 வரை, கண்ட கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 ஆகக் குறைந்தது. 1957-ஆம் ஆண்டில் 32 முதிய பறவைகளுக்கு ஓர் இளம்பறவையே காணப்பட்டது. முதியவை பறந்துகொண்டிருந்ததால் காண்போர்க்குக் குறை தோன்றவில்லை. கூட்டில் குஞ்சு வளரவில்லை என்பதை ஏடு காட்டியது.

ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் இக்கணக்கைச் சான்றாக எடுத்தாண்டார். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் உணவின் வழியே பறவையின் உடலில் சேர்ந்து இனப்பெருக்கத்தைக் கெடுத்தன. அந்நாட்டில் 1972-இல் டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகள் தடை செய்யப்பட்டன. வெண்தலைக் கழுகு மீண்டும் பெருகி, 2007-ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீங்கியது.

நம் நாட்டில் நிகழ்ந்த மாற்றம்

இதற்கு இணையான நிகழ்ச்சி நம் நாட்டிலும் உண்டு. அமூர் வல்லூறு ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள சிறு பறவை. கிழக்கு ஆசியாவிலிருந்து புறப்பட்டு, நாகாலாந்தில் தங்கி இரையுண்டு, இந்தியத் தீபகற்பத்தையும் அரபிக் கடலையும் கடந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதியை அடைவது. 2012-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டோயாங் நீர்த்தேக்கத்தருகே பாங்டி கிராமத்தில் இப்பறவைகள் வலைகளில் பிடிக்கப்பட்டு விற்கப்பட்டன. நாளொன்றுக்கு 12,000-க்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. பிடித்தோர் பெரும்பாலும் எளிய மீனவர்கள். அவர்களை இகழ்வதால் பயன் விளைந்திராது. ஊர்ப் பெரியவர்களும் தேவாலயத்தாரும் இயற்கை ஆர்வலரும் வனத்துறையினரும் ஒன்றுகூடிப் பேசினர். 2013-ஆம் ஆண்டில் ஊரவை வேட்டையைத் தடை செய்தது, வலைகள் நீங்கின. அவ்வாண்டே 'நாகா', 'வோக்கா', 'பாங்டி' எனப் பெயரிடப்பட்ட மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடுவித்தனர். கொன்ற ஊரே அவற்றின் பயணத்தைக் கண்காணிக்கும் ஊராயிற்று.

நம் அறம் கூறுவது

இனி அப்பிள்ளையின் வினாவுக்கு வருவோம். பருந்து மலையில் துப்பாக்கி எடுத்தோரும் "இது கொல்லும் பறவை" என்றே கூறினர். உயிரின் இயல்பைக் குற்றமாக்கி, அக்குற்றத்துக்குத் தண்டனையும் தாமே வழங்கினர். பருந்தும் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். தன் வினைக்கேற்ற பிறவியில் அது வாழ்கிறது. இரவிசேனாசாரியார் இயற்றிய பத்மபுராணத்தில், சடாயு என்னும் கழுகு முனிவரின் அறவுரை கேட்டு அணுவிரதங்களை ஏற்றதாகக் கூறப்படுகிறது. உயர்வதற்குரிய உயிர் என்று நம் முன்னோர் கழுகையும் மதித்தனர். பிற உயிரின் உணவை நோக்கி அன்று, நம் கையின் செயலை நோக்கியே கொல்லாமை விதிக்கப்பட்டது.

எண்ணும் முறை

சிதறாலில் உள்ள திருச்சாரணத்து மலைக்கு யாத்திரை செல்லும் குடும்பங்கள் இதைப் பயிற்சியாகக் கொள்ளலாம். அங்குள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் ஆசிரியர் அளித்த கொடையைக் கூறுகிறது. அந்நூற்றாண்டிலேயே மகாவீராசாரியார் கணிதசார சங்கிரகம் என்னும் நூலை இயற்றினார். எண்ணுதல் நம் மரபுக்குப் புதிதன்று. வழிபாடு முடிந்தபின் வெயில் ஏறும் வேளையில் ஒரு மணி நேரம் பாறையில் அமர்ந்து பின்வருமாறு செய்க.

1. நாள், தொடங்கிய நேரம், காற்றின் திசை ஆகியவற்றை முதலில் எழுதுக.

2. உள்ளூர்ச் செம்பருந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை மீண்டும் மீண்டும் எண்ணாதீர். ஒரே திசையில் கடந்து செல்வனவற்றைத் தனியே குறிக்க.

3. கூட்டமாக வட்டமிடும்போது எண்ண முயலாதீர். உச்சியை அடைந்தபின் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிப் புறப்படும்போது எண்ணுக.

4. பெயர் தெரியாவிடில் 'பெயர் அறியாதது' என்றே எழுதுக. ஊகத்தை உண்மையாக எழுதுவது வாய்மைக்கு மாறு.

5. ஒன்றும் வாராத நாளில் சுழியம் என எழுதுக. பிற்காலத்தில் ஒப்புநோக்குவோர்க்கு அதுவும் சான்றாகும்.

6. கூடுகளை நெருங்காதீர். கூச்சலிடாதீர்.

பயிற்சி ஆசிரியர்களிடம் நாம் வலியுறுத்தி வந்த முறை ஒன்று உண்டு. முதலில் பிள்ளையைப் பார்க்கச் செய்க, பார்த்ததைச் சொல்லச் செய்க, அதன்பின் பெயரைச் சொல்லிக்கொடுக்க. பெற்றோரும் இதைக் கைக்கொண்டால் பிள்ளையின் கண் கூர்மை பெறும், நெஞ்சில் அருளும் ஊறும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பெரிய பருந்துகள் கடலைத் தவிர்த்து மலைமுகட்டை நாடுவது ஏன்?

2. இளம்பறவைகளைத் தனியே எண்ணியதால் விளைந்த நன்மை யாது?

3. பாங்டி ஊரார் மனம் மாறியதற்குக் காரணமாக நீங்கள் கருதுவது எது?

4. உங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கண்ட பறவைகளைப் பட்டியலிடுக.

அருள் பெருகுக! அறம் வளர்க!