கேள்விக்கொத்தை அனுப்புமுன்

திருச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ மைசூரிலிருந்து அனுப்பிய கேள்விக்கொத்தைப் படித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால்தான் கடிதம்.

'பேச்சு மொழி சிகிச்சையாளர்களின் மனப்பான்மையும் தொழில் நடைமுறையும்' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். உள்ளே போனால் எல்லாமே மனப்பான்மை. நடைமுறை எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் 'ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்' என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துபோயிருக்கிறது. 'ஆய்வுச் சான்றின் அடிப்படையில் சிகிச்சை தருவது அவசியம்' என்று எழுதி, கீழே ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தால், பட்டம் வாங்கிய எவரும் 'முழுமையாக ஒப்புகிறேன்' என்பதைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதிலிருந்து உனக்கு என்ன தெரியப்போகிறது? கல்லூரியில் பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

அமெரிக்காவில் ஸிபோலியும் கென்னடியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 240 தெரபிஸ்டுகள் பதில் சொன்னார்கள். ஆராய்ச்சிமீது நல்ல மதிப்பு இருக்கிறது என்றுதான் பொதுவாக வந்தது. சிகிச்சையில் முடிவெடுக்கும்போது எதைப் பார்க்கிறீர்கள் என்று தனியாகக் கேட்டார்கள் பார், அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. சொந்த அனுபவமும் கூட வேலை செய்பவர்களின் கருத்தும் முன்னால் நின்றன. ஆய்வுக் கட்டுரைகள் பின்னால். ஏன் என்றால், நேரமில்லை. அந்த இரண்டாவது கேள்வி உன்னிடம் இல்லை.

காகிதத்தில் மனப்பான்மையைக் கேட்பதிலுள்ள வில்லங்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லபியேர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவைக் காரில் சுற்றினார். சீனர்கள்மேல் வெறுப்பு மண்டிக்கிடந்த காலம். விடுதிகள், உணவகங்கள் என்று 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, 'சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா' என்று அதே இடங்களுக்குக் கேட்டு எழுதினார். பதில் போட்டவை 128. அதில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் 'மாட்டோம்'. பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று பின்னால் கேட்டார்கள்; நியாயமான கேள்விதான். இருந்தாலும் 1934இல் வந்த அந்தக் கட்டுரையை நீ ஒருமுறை படித்துவிடு. அங்கே வாய் கடுமை, கை இளக்கம். நம் தொழிலில் பெரும்பாலும் அதற்குத் தலைகீழ்: வாய் புதுசு, கை பழசு.

கை பழசு என்றேனே, அதற்கும் ஆய்வு இருக்கிறது. லாஃப், வாட்சன் என்ற இருவர் அமெரிக்கா முழுக்க 2,000 தெரபிஸ்டுகளுக்குக் கேள்விக்கொத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தது 537. அதில் 85 சதவீதம் பேர், உச்சரிப்பைத் திருத்தப் பேச்சே இல்லாத வாய்ப்பயிற்சிகளைக் கொடுப்பதாகச் சொன்னார்கள்: ஊதுவது, நாக்கை மேலும் கீழும் ஆட்டுவது, கன்னத்தை உப்ப வைப்பது. 2008இல் வெளியானது. இந்தப் பயிற்சிகளால் உச்சரிப்பு திருந்துகிறது என்பதற்கு நல்ல சான்று கிடையாது என்று உனக்கே தெரியும். அப்படியானால் அந்த 85 சதவீதமும் படிக்காதவர்களா?

நம் ஊர் ஓ.பி.யைக் கொஞ்சம் நினைத்துப் பார். மணப்பாறைக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் அம்மா வந்திருக்கிறாள். மடியில் நாலு வயதுப் பையன். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் காக்காவைக் காட்டினால் 'தாத்தா' என்கிறான். வீட்டில் பாட்டி ஏற்கெனவே வசம்பை உரைத்து நாக்கில் தடவியாயிற்று. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். காக்கா படத்தையும் தாத்தா படத்தையும் எதிரெதிரே வைத்து, முதலில் அவன் காதுக்கு வித்தியாசத்தைப் பிடிபடச் செய்து, பிறகு வாய்க்குக் கொண்டுவரும் வேலையை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடமாவது ஆகும். "ஒரு விசில் வாங்கிக் கொடுத்துத் தினமும் ஊதச் சொல்லுங்கம்மா" என்பதற்கு அரை நிமிடம். தவிர, அவளும் வெறுங்கையோடு போகவில்லை. பையன் ஊதுவதை வீட்டில் எல்லாருக்கும் காட்டலாம். விசில் அங்கே இப்படித்தான் நுழைகிறது. இதை நீ 'சான்றுசார் சிகிச்சைமீது எதிர்மறை மனப்பான்மை' என்று அட்டவணையில் போட்டால் அது பொய்யாகிவிடும்.

அதனால் கருத்துக் கேட்பதைப் பாதியாகக் குறை. 'உச்சரிப்புச் சிக்கலோடு கடைசியாக உங்களிடம் வந்த குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முதல் பத்து நிமிடம் என்ன செய்தீர்கள்? வீட்டில் என்ன செய்யச் சொல்லி அனுப்பினீர்கள்? அப்போது வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள்?' என்று கேள். கடைசிக் குழந்தை என்றால் நினைவிலிருந்து எடுத்துத்தான் சொல்ல வேண்டும். 'பொதுவாக' என்றால் பாடப்புத்தகத்திலிருந்து சொல்வார்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்தால், இரண்டு மூன்று இடங்களில் பெயரை மறைத்துக் கேஸ் ஷீட்டையும் பார். இலக்கு என்று எழுதியிருப்பதும் செய்தது என்று எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதை எந்தக் கேள்விக்கொத்தும் உனக்குச் சொல்லாது.

திக்குவாய்ப் பகுதியில், தெரபிஸ்டுகளின் மனப்பான்மையை அளக்கும் கூப்பர்களின் பட்டியலிலிருந்து வாக்கியங்களை எடுத்திருக்கிறாய். இருக்கட்டும், பிற நாடுகளோடு ஒப்பிட உதவும். ஆனால் யைரியும் வில்லியம்ஸும் 1970இல் செய்த எளிய காரியத்தைப் பார். திக்கிப் பேசும் பள்ளிப் பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரபிஸ்டுகளையே சொற்களை எழுதச் சொன்னார்கள். பதற்றக்காரன், கூச்சக்காரன், ஒதுங்கிப் போகிறவன் என்றே வந்தது. யார் துணை நிற்க வேண்டுமோ அவர்களே இப்படி எழுதினார்கள். கட்டம் கொடுத்து 'திக்குவாய் உள்ளவர்கள் பதற்றக்காரர்கள்' என்று கேட்டிருந்தால் பலர் உஷாராகியிருப்பார்கள். உன் படிவத்திலும் ஒரு வெற்றிடம் விடு. எண்ணுவதற்குச் சிரமம்தான், படு.

உன் கேள்விக்கொத்தில் இல்லாமல் போன இரண்டு விஷயம் உண்டு. இரண்டும் நம் ஊர் விஷயம் என்பதால் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

ஒன்று, வீட்டு மொழி. ஆட்டிசம் என்று சொன்ன கையோடு "இனி ஒரே மொழிதான், இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பும் பழக்கம். கனடாவில் கே-ரெயினிங் பேர்டு குழுவினர் டவுன் சின்ட்ரோம் குழந்தைகளிடமும் (2005), ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் ஆட்டிசக் குழந்தைகளிடமும் (2012) பார்த்தார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அந்தக் குழந்தைகளின் மொழி கூடுதலாகப் பின்தங்கவில்லை. இங்கே நடப்பது என்ன? அம்மா அப்பா வேலைக்குப் போய்விட, பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது பாட்டி. பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. நல்லது செய்வதாக நினைத்து அவள் பேச்சையே குறைத்துக்கொள்கிறாள். பிள்ளைக்கு இருந்த ஒரே முழுநேரத் துணையும் போய்விடுகிறது. 'இரு மொழியை ஆதரிக்கிறீர்களா' என்று கேட்காதே. 'கடைசியாக ஒரு குடும்பத்துக்கு எந்த மொழியில் பேசச் சொன்னீர்கள், பகலில் குழந்தையோடு யார் இருக்கிறார் என்று கேட்டீர்களா' என்று கேள்.

இன்னொன்று ழகரம். மதுரைப் பக்கத்துப் பிள்ளை 'வாளப்பளம்' என்றால், அவன் தெருவே அப்படித்தான் பேசுகிறது. அதைப் பிழை என்று குறிக்கும் தெரபிஸ்ட் எத்தனை பேர், வட்டார வழக்கு என்று விடுபவர் எத்தனை பேர்? ஒரு சின்ன ஒலிப்பதிவை இணைத்துக் குறிக்கச் சொன்னால் போதும். மனப்பான்மையை ஆழம் பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

யாரிடம் கேட்கப்போகிறாய் என்பதும் முக்கியம். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டால், உன் பேட்ச்காரர்களும் பெருநகர கிளினிக் வைத்திருப்பவர்களும்தான் நிரப்புவார்கள். 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்கள் வந்தன. அங்கே இருப்பவர்களுக்கு ஃபார்ம் திறக்க நேரம் இருக்காது. நேரில் போ. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போனால் பேசுவார்கள். காலையில் போய் நின்று திட்டு வாங்காதே.

போகும்போது தேர்வாளர் மாதிரி போகாதே. நீ கல்லூரி வாசம் மாறாத பெண். அவர்கள் தனியாளாக ஒரு மாவட்டத்தைச் சுமக்கிறவர்கள். சோதிக்க வந்திருக்கிறாய் என்று தெரிந்தால் சரியான பதிலைத்தான் சொல்வார்கள், உண்மையான பதிலைச் சொல்லமாட்டார்கள். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் எழுதாதே. ஆய்வேட்டில் மாவட்டத்தைக்கூடக் குறிப்பிடாதே. ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஒரு தெரபிஸ்ட் என்றால் ஆளைச் சொன்ன மாதிரிதான்.

இவ்வளவும் மாற்றினால் எண்ணிக்கை குறையும், ஆய்வேடு தாமதமாகும் என்று உன் கைடு சொல்லக்கூடும். இருநூறு பேருக்குப் பதில் அறுபது பேர் போதும் என்று கேட்டுப் பார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுது. நான் அவரோடு பேசமாட்டேன். நீ எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருகிறேன்.

அன்புடன்,
அத்தை