வைகைச் செங்கல்லும் காளையார்கோவில் கோபுரமும்

சிவகங்கைச் சீமையின் போர்த்தலங்களைக் காண விழையும் மாணவர், முதற்கண் வைகைக்கரை மானாமதுரையைச் சேர்தல் நன்று. மட்கலத் தொழிலுக்குப் பேர்போன அவ்வூரிற் சுட்ட செங்கற்களை மக்கள் நிரையாய் நின்று கைமாற்றிக் காளையார்கோவிலிற் சேர்த்தனர் என்றும், அவற்றால் மருது சகோதரர் பெருங்கோபுரம் எழுப்பினர் என்றும் கர்ணபரம்பரை வழங்குகின்றது.

காளையார்கோவிலிலேதான் 1772-இல் கும்பினி, நவாப் படைகளின் தாக்குதலில் மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். 1801-இல், கோபுரத்தை இடிப்போமெனக் கும்பினியார் அச்சுறுத்தவே பெரிய மருது வெளிப்பட்டார் என்பர். அவ்வாண்டு அக்டோபர் 24-இல் சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் சமாதி காளையார்கோவிலில் உளது.

தூக்கு, சரித்திரம், செங்கல் நிரையும் கோபுர அச்சுறுத்தலும், செவிவழிச் செய்தி. இவற்றைப் பகுத்துணர்தல் மாணவர் கடன். எனினும், தம் தலைவர் கோபுரங் காக்க உயிரீந்தார் என்று மக்கள் நினைவுகூர்தலும், அவர் எதனை உயிரினும் மேலாய் மதித்தனர் என்பதற்குச் சான்றேயாம்.