சாய்வுகளை ஒப்பிடுதல்

ஹல்துமுல்லையிலே சரிவென்றாற் சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஈண்டுக் கூறப்புகுவது மலைச்சரிவன்று. வரைபிலே தோன்றும் கோட்டின் சாய்வு. தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனச் சிலர் வினவலாம். மாணாக்கர் ஐயந்தீர்க்கப் புகுந்தே யானும் இதனைக் கற்றேன்.

ஐந்து தேயிலையினங்களுக்கு நைதரசன் பசளையைப் பல அளவுகளில் இட்டு விளைவை நிறுக்கின்றோம் என்க. பசளை ஒரு கிலோ கூடுமிடத்து விளைவு எத்துணை கூடுகின்றது என்பதே பிற்செலவுக் கோட்டின் சாய்வு. ஐந்து சாய்வுகளை இவ்விரண்டாக ஒப்பிடிற் சோதனைகள் பத்தாகும்.

இத்தகைய ஆய்வு நம் நாட்டுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டிற் பிஷருடன் பணியாற்றிய ஈடன் என்பார், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்து, தேயிலை நிலப்பரிசோதனைகளில் நேரும் வழுக்களைக் குறித்து 1931இல் எழுதினார்.

இனங்களுக்கிடையே வேறுபாடு யாதுமில்லாதபோதும், ஒரு சோதனை 100க்கு 5 முறை ‘வேறுபாடுண்டு’ எனப் பொய்யுரைக்கும். அதனைப் பொறுத்துக்கொள்கிறோம். பத்துச் சோதனைகளும் ஒன்றையொன்று சாராதனவாயின், ஒன்றேனும் பொய்யுரைக்கும் நிகழ்தகவு 100க்கு 40 ஆகிவிடும். அதே ஐந்து சாய்வுகளே மீண்டும் மீண்டும் வருதலால், உண்மையில் அது 30க்கு அண்மையில் நிற்கும். அதுதானும் சிறிதோ? பொய்யை நம்பி ஒரு மலையின் செடிகளைப் பிடுங்கி வேறினம் நட்டால், கொழுந்தெடுக்கச் சில ஆண்டுகள் செல்லும். அதுகாறும் அம்மலையை நம்பியிருந்தோர் கூலிக்கு எங்கே போவர்?

இதற்குப் பரிகாரமுண்டு. பொன்பெரோனி பெயரால் வழங்கும் முறை 0.05ஐச் சோதனைகளின் தொகையால் வகுக்கச் சொல்லும், பத்துக்கு 0.005. எளிது, ஆனாற் கடுமை மிக்கது, மெய்யான வேறுபாட்டையும் சிலபோது மறைத்துவிடும். ஹோம் என்பார் 1979இல் வெளியிட்ட முறை அதனினும் நன்று. பத்து நிகழ்தகவுகளையும் சிறியது முதலாக நிரைப்படுத்துக. முதலாவதை 0.05/10 உடனும், அடுத்ததை 0.05/9 உடனும், பின்னதை 0.05/8 உடனும் ஒப்பிட்டுச் செல்க. எல்லையைத் தாண்டியது வந்தவிடத்து நிறுத்துக. 0.004, 0.0054, 0.02 என வரின் பொன்பெரோனி ஒன்றையே ஏற்பார். ஹோம் இரண்டை ஏற்பார். பொய்க்கு இடங்கொடுக்கும் அளவு இருவர்க்கும் 100க்கு 5ஐ மிஞ்சாது. ஆதலின் முன்னதையே பற்றிநிற்பதற்கு யான் காரணங் காண்கிலேன்.

வழக்கிலுள்ள ஓரினத்தோடு மற்றை நான்கை மாத்திரம் ஒப்பிடுவதெனப் பசளையிடுமுன்னரே எழுதிவைப்பிற் சோதனை நான்கே. முதல் எல்லையும் 0.0125 ஆகத் தளரும். விளைவைக் கண்டபின் நான்கைத் தெரிந்தெடுத்தார்க்கு இச்சலுகை இல்லை. அவர் பத்தையும் எண்ணவே வேண்டும்.