முதல் தட்டில் எதை வைப்பது?

புது வீட்டில் அலமாரி அடித்தாகிவிட்டது, புத்தகம், பாட்டு, படம் எல்லாம் என்னென்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பட்டியல் கொடுப்பதில்லை. பட்டியல் வாங்கிப் போனவர் படித்ததாக எனக்கு நினைவில்லை. எது இன்னொன்றையும் கையைப் பிடித்துக் கூட்டிவருமோ அதை முதலில் வாங்குங்கள் என்பேன்.

நாவல் என்றால் பலருக்கும் கை 'பொன்னியின் செல்வன்' பக்கம்தான் போகும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை, ஐந்து பாகம். வாசிப்பே பழகாத வீட்டுக்கு இது சரி. அத்தியாயம் முடியும் இடத்தில் புத்தகத்தை மூட மனசு வராது. நாட்டுடைமையான எழுத்து என்பதால் பதிப்புகளுக்குக் குறைவில்லை. படித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள் என்றால் மலிவுப் பதிப்பே போதும். வைத்துக்கொள்வதென்றால் மணியம் வரைந்த படங்களோடு வந்ததைத் தேடி வாங்குங்கள். குந்தவையின் கொண்டை இப்படித்தான் இருக்கும் என்று நமக்குச் சொன்னது அவர் தூரிகை.

படிக்கிற பழக்கம் ஏற்கெனவே உண்டா? தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. கும்பகோணமும் காவிரியும், யமுனாவின் மேல் பாபுவுக்கு இருக்கும் மயக்கமும், ரங்கண்ணாவிடம் அவன் கற்கும் சங்கீதமும். அதை முடித்தவர் கச்சேரி கேட்காமல் இருப்பது கஷ்டம். தடிமன் மிரட்டினால் அசோகமித்திரனின் 'தண்ணீர்', ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். சென்னையில் குடத்தோடு வரிசையில் நின்றவருக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அது வேறெங்கும் கூட்டிப் போகாது. அந்தக் குழாயடியிலேயே நிறுத்திவைக்கும்.

பாட்டில் என் வீட்டுச் சண்டை ஜி.என். பாலசுப்பிரமணியமா, எம்.டி. ராமநாதனா என்பது. ஜி.என்.பி.யின் பிருகாக்கள் புதுக் காதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ராமநாதன் கனத்த குரலில், விளம்ப காலத்தில், அவசரமே இல்லாமல் பாடுவார். காய் நறுக்கிக்கொண்டே கேட்டால் ஒன்றும் ஒட்டாது. முதல் வருஷம் ஜி.என்.பி., பிறகு ராமநாதன் என்பது என் கட்சி. சாகித்யமே புரியவில்லை என்பவர்கள் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடி கேட்கட்டும். சினிமாப் பாட்டுக்கு என் சிபாரிசு எதற்கு?

ஓவியத்தில் அசலுக்கு நம் பணம் எட்டாது. புத்தகமாக வேண்டுமென்றால் சில்பியின் 'தென்னாட்டுச் செல்வங்கள்'. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் வரைந்த சிற்பங்கள். கோயிலுக்குப் போகுமுன் ஒருமுறை புரட்டிவிட்டுப் போனால் தூணைப் பார்க்கும் கண்ணே வேறு. சுவருக்கென்றால் யோசிக்காமல் எஸ். ராஜம் (1919–2010). சங்கீத மும்மூர்த்திகளை நம் மனக்கண்ணில் பதித்தவர் அவர். அவரே பாடகரும்கூட, கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களில் இயற்றிய கீர்த்தனைகளைப் பரப்பியவர். படத்தை வாங்கினால் அவர் பாட்டையும் தேடிப் போவீர்கள்.

மாட்டும்போது மட்டும் வெயில் நேராகப் படாத சுவராகப் பாருங்கள்.