அன்றைய உணவு, இன்றைய பாடம்

ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத்தண்ணி: இவையே தோட்ட மக்களின் பாரம்பரிய உணவு என்பர். அது எத்தனை காலத்துப் பாரம்பரியம் என்று ஆராய்வோம்.

கூழும் களியும்

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மலையகத் தமிழரின் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். ஊரில் அவர்கள் உண்டது கேழ்வரகு, கம்பு, சோளம். கேழ்வரகைத்தான் இங்கு குரக்கன் என்கிறோம். ஏழை வீட்டில் நெல்லுச்சோறு விசேட நாளில் மட்டுமே.

அளந்து கொடுத்த அரிசி

தோட்டத்தில் அரிசி கிடைத்தது, இலவசமாக அல்ல. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியை நிர்வாகம் அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்தது. எதை உண்பது என்பதை உழைப்பவர் தீர்மானிக்கவில்லை.

மா வந்த கதை

1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. விடியுமுன் பிரட்டுக்கு ஓடும் தாய்க்கு ரொட்டி வசதி. மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் எளிது. அதனால் அது நிலைத்துவிட்டது. 1973-74இல் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, பயிரிட நிலமற்ற லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 2022இல் மாவின் விலை பல மடங்கானபோதும் முதலில் அடிபட்டவை இத்தகைய அடுப்புகளே.

அயர்லாந்து ஏழைகளும் உருளைக்கிழங்கையும் மோரையுமே நம்பியிருந்தனர். 1845இல் கிழங்கில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அப்போதும் அந்நாட்டுத் தானியம் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது; நிலம் பிறர் கையில் இருந்தது.

ஒரே உணவை நம்புவது ஆபத்து. அந்த நிலைக்குத் தள்ளுவது நிலமின்மை. இடம்பெயர்ந்து, உலருணவுப் பொதிக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இதை அனுபவத்தில் அறிவர்.

நாம் செய்யக்கூடியவை

• ரொட்டி மாவுடன் குரக்கன் மாவும் சேருங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி.
• தோட்டமில்லாவிட்டால் பழைய சாக்கில் மண் நிரப்பி வல்லாரை, பொன்னாங்காணி வளருங்கள். தாழ்ந்த இடங்களில் மரவள்ளி, வற்றாளை நன்கு வரும்.
• சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் அப்பாயி, அம்மாயி சமைத்து, இன்று மறைந்துபோன உணவுகள் எவை?
2. கடைக்குப் போகாமல் இவ்வாரம் உங்கள் அடுப்பில் ஏறியது என்ன?
3. கறிகாய் பயிரிட ஒரு துண்டு நிலம் வேண்டுமானால், எல்லோரும் சேர்ந்து யாரிடம், எப்படிக் கேட்பது?